கிளி காத்த கூலி

1

போன வாரம் பக்கத்து வீட்டு டோரினோடு சண்டை போட்டுவிட்டேன். நம்மூர்ச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். கொண்டையை அவிழ்க்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கதவைத் தட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அதுவும் ஆங்கிலத்தில். அதற்கே எங்கள் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போகிறார்கள். என் மகள் வனஜா இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. வீட்டுக்காரர், "மூணு பவுனுக்காகப் போயி மானத்த வாங்கிட்டியே" என்றார். பவுன் என்றால் தங்கமில்லை, இந்த நாட்டுக் காசு. நான் வாங்கப் போனது மானத்தை இல்லை ஐயா, கூலியை.

எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா? ஆமாம், இவ்வளவுதான். குறைத்துக்கொள்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் இந்தக் கோபம் டோரின் மேல் மட்டும் வந்ததல்ல. அதற்கு அருப்புக்கோட்டையில் ஒரு வேர் இருக்கிறது. அதைச் சொன்னால் இங்கே ஒருவருக்கும் புரியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

இங்கிலாந்தில் லெஸ்டர் என்கிற இந்த ஊருக்கு நாங்கள் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்காரருக்குப் பனியன் ஆலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. இங்கே எதற்கும் ஒரு காகிதம் வேண்டும். டிவிப் பெட்டிக்கு லைசென்ஸ், நாய்க்கு லைசென்ஸ். சௌடம்மா என்கிற என் பெயரை ஒவ்வொரு ஆபீசும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறது. சரி செய்யச் சொல்லிப் போனால், "உங்களுக்குக் கடிதம் வரும்" என்பார்கள். வரும், அதிலும் பெயர் தப்பாக இருக்கும். பூனைக்கு மட்டும்தான் இந்த நாட்டில் லைசென்ஸ் கிடையாது. அதனால்தானோ என்னவோ டோரினுடைய பூனை யாரையும் மதிக்காமல் எங்கள் சமையலறை வரைக்கும் வந்து போகும்.

டோரின் தன் அக்காவோடு இரண்டு வாரம் ஸ்பெயின் நாட்டுக்கு வெயில் காயப் போகிறாளாம். வெயில் காய்வதற்குக் காசு கொடுத்துப் போகிற ஜனங்களை நான் இங்கேதான் பார்த்தேன். போகும் முன் வேலிப் பக்கம் நின்று, "உட் வனஜா மைண்ட் தி கேட்?" என்று கேட்டாள். கேட் என்றால் பூனை, அது தெரியும். மைண்ட் என்றால் மனம் கோணுவது என்றுதான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் "டு யூ மைண்ட்?" என்பார்கள், "நோ, நோ" என்று நகர்ந்துகொள்வேன். பூனை வந்து போவதில் உன் மகளுக்குச் சங்கடமா என்று கேட்கிறாள் என நினைத்து, "நோ, நோ, ஷி நாட் மைண்ட்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். டோரினின் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தச் சொல்லுக்குப் பார்த்துக்கொள்வது என்றும் ஒரு பொருள் உண்டாம். என் மகள் உன் பூனையைப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று நான் சிரித்துக்கொண்டே முகத்தில் அடித்தது போல் ஆகிவிட்டது.

சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த வனஜா வேலிக்கு இரண்டு பக்கமும் சமாதானம் பேசி, மூன்று பவுனுக்கு அந்த வேலையை ஒப்புக்கொண்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் பாதி புரியும், எங்கள் வீட்டுக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. அம்மா வாயைத் திறந்தாலே மானம் போகிறது என்று அவள் நினைக்கிற வயது. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. காலையும் மாலையும் போய் டப்பாவைத் திறந்து தீனி வைத்தாள், அது அசிங்கம் பண்ணிய தட்டைக் கழுவினாள். எங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவ அவளை நான்கு தரம் கூப்பிட வேண்டும்.

டோரின் சுட்ட கத்திரிக்காய் நிறத்தில் திரும்பி வந்தாள். பூனையைத் தூக்கிக் கொஞ்சினாள். வனஜாவின் கன்னத்தைத் தட்டி, "டுமாரோ, லவ்" என்றாள். லவ் என்றால் இங்கே கண்ணு என்கிற மாதிரி. நாளைக்குத் தருகிறாளாம். அந்த நாளை வந்து போயிற்று. அடுத்த நாளையும் போயிற்று. வேலிப் பக்கம் வனஜாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு டுமாரோ. "பரவாயில்லம்மா, லீவ் இட்" என்றாள் வனஜா. கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகப் போகிறது, அந்த 'நாளைக்கு' என்கிற வார்த்தையை அதே சிரிப்போடு நான் கேட்டு.

3

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருடம். எனக்குப் பதின்மூன்று வயது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறி வீடுகள். வீட்டுக்குள் கன்னடம் பேசுவோம், வாசலைத் தாண்டினால் தமிழ். அப்பா ராமலிங்கம் தறி நெய்கிறவர். தறி ஓடினால் அடுப்பு எரியும். தறி நின்றால் அம்மா பானையைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அப்போது நூல் கன்ட்ரோலில் இருந்தது. தறிக்கு இவ்வளவு நூல் என்று சர்க்கார் கார்டு கொடுத்திருந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரி நூல்கடை முதலாளி. சர்க்கார் நூல் அவர் கடை வழியாகத்தான் வரும். விடிந்ததும் தறிக்காரர்கள் கார்டைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்பார்கள். முதலாளி மெத்தையில் சாய்ந்தபடி தொண்டையை இரண்டு தரம் செருமிவிட்டு, "நூலு இல்ல. நாளைக்கு வா" என்பார். பின்கட்டில் நூல் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். இருட்டினால் அவை மாட்டு வண்டியில் ஏறி, கார்டு கேட்காத ஆட்களுக்கு இரண்டு மடங்கு விலைக்குப் போகும். ஊருக்கே தெரியும். ஆனாலும் யார் வாயைத் திறப்பது? திறந்தால் அடுத்த வாரமும் நாளைக்குத்தான்.

அப்பா முதலாளியைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவைப் பார்த்து "நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு எழுத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும்? அதைக்கூடப் பதுக்கி வைத்திருந்தார் மனுஷன்.

கடை முன்கட்டில் ஒரு கிளிக்கூண்டு தொங்கும். முதலாளியின் சம்சாரம் வடிவம்மாள் செல்லமாக வளர்க்கிற கிளி. சாயந்திரம் வீட்டுக்குள் எடுத்துப் போய் "முருகா" சொல்லப் பழக்குவாள். நூல் கட்டைத் தலையில் தூக்கி வருவதற்காக நானும் அப்பாவோடு போய் நிற்பேன். நிற்கிற நேரத்தில் அதற்குக் கோவைப்பழம் கொடுப்பேன். அதைப் பார்த்து வைத்திருந்த வடிவம்மாள் ஆனி மாதம் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, நாங்க குடும்பத்தோட குத்தாலத்துக்குச் சாரல் குளிக்கப் போறோம். வார வரைக்கும் கிளிய ஒங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிறியா? சும்மா வேண்டாம். ரெண்டு ரூவா தாரேன்."

அந்த வருடம் மழை பொய்த்து, எங்கள் தெருக் கிணற்றில் ஒரு குடம் நிறைய ஊறல் தண்ணீருக்கு மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தோம். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அவர்கள் அருவியில் மண்டையைக் காட்டப் போகிறார்கள். இருந்தாலும் இரண்டு ரூபாய் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. ஆடியில் திருச்சுழியில் திருவிழா. அங்கே என் சித்தி இருந்தாள். பின்பக்கம் அடுப்பை வைத்துக் கரி போட்டு ஓட்டுகிற பஸ் ஒன்று அந்தப் பக்கம் போகும். நான் அதுவரை பஸ்ஸில் ஏறியதே இல்லை. அந்தக் கூலியில் பஸ்ஸில் போய், திருவிழாவில் வளையல் வாங்கி, பஸ்ஸிலேயே திரும்புவது என்று கூண்டைக் கையில் வாங்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன்.

4

கிளி வந்த முதல் நாள் அப்பா வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தார். கூண்டுக்குள்ளிருந்து இரண்டு செருமல். பிறகு அச்சு அசலாக முதலாளி குரலில்: "நூலு இல்ல. நாளைக்கு வா."

அப்பா சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சொந்த வீட்டில், சொந்த வாசற்படியில், ஒரு கிளிக்கு முன்னால். பிறகு கூண்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். துண்டை மறுபடி தோளில் போட்டார். அம்மா சிரிக்கவில்லை. "கடையில கேட்டது போதாதா?" என்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிளி மேல் இல்லை. வாயில்லாத ஜீவனுக்கு வாய் வந்தால் முதலில் கற்றுக்கொள்வது இதுவா? நாள் முழுக்க அந்தக் கடையில் வேறு ஒரு நல்ல வார்த்தை அதன் காதில் விழவில்லையா?

அன்றைக்கே தீர்மானித்தேன். இந்த வீட்டில் அந்த வார்த்தை இருக்கக் கூடாது. கிளி அதைச் சொன்னால் கூண்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். வேறு எதைச் சொன்னாலும் கோவைப்பழம். எங்கள் வீட்டில் அது அதிகம் கேட்டது அம்மாவின் குரலைத்தான். யார் உள்ளே வந்தாலும் அம்மா கூப்பிடுவாள்: "பா, ஊட்டா மாடு." வா, சாப்பாடு சாப்பிடு என்று கன்னடத்தில் அர்த்தம். தண்ணீராகக் கரைத்த கம்பங்கூழ்தான் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. இருந்தாலும் கூப்பிடாமல் இருக்க மாட்டாள். வாயால் கூப்பிடுவதற்குக் கார்டா வேண்டும் என்பாள்.

கிளி இளசு, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. முதலில் "மாடு, மாடு" என்று வாலை மட்டும் சொன்னது. பிறகு "ஊட்டா மாடு." குற்றாலக்காரர்கள் திரும்புகிற நேரத்தில், வாசலில் நிழல் விழுந்தாலே போதும், அம்மா மாதிரியே இழுத்து "பா, ஊட்டா மாடு" என்று உபசரித்தது. நூலும் இல்லை, நாளையும் இல்லை. அப்பா உள்ளே வரும்போது துண்டு தோளிலேயே இருந்தது. எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்வேன். கிளியைக் குளிப்பாட்டி, கூண்டைச் சாம்பல் போட்டுத் துலக்கி, நானும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வடிவம்மாள் வீட்டுப் பின்வாசலுக்குத் தூக்கிப் போனேன்.

5

வடிவம்மாள் கூண்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "ஏங் கண்ணு, முருகா சொல்லு" என்றாள்.

கிளி அவளை ஏற இறங்கப் பார்த்தது. "பா, ஊட்டா மாடு."

"என்னது?"

"மாடு" என்றது கிளி, இன்னும் கொஞ்சம் அன்பாக.

வடிவம்மாள் நல்ல சதைப்பற்றான பெண்மணி. குற்றாலத்தில் ஒரு சுற்றுப் பெருத்தும் வந்திருந்தாள். முகம் எப்படி மாறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "என்னையவா மாடுங்குது? ஏ புள்ள, சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தியா?"

"இல்லம்மா. அது எங்க பாசைல வந்து சாப்பிடுங்கன்னு சொல்லுது. மாடுன்னா செய்யின்னு அர்த்தம்மா. ஊட்டா மாடுன்னா சாப்பிடுன்னு."

"மாடுன்னா மாடுதான். எங்களுக்குத் தெரியாத தமிழா?" அவள் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்படிப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறு ஒரு யோசனை வந்தது. "எங்க கிளி முருகா முருகான்னு அருமையாத் தமிழ் பேசும். இது எங்க கிளியே இல்ல. நல்ல கிளிய வித்துப்போட்டு, ஏதோ ஒரு கிளியப் பிடிச்சு அடைச்சுக் கொண்டாந்திருக்கா."

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைத் திருடி என்று சொன்னதில்லை. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவருக்குக் கிளியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அக்கறையும் இல்லை. சம்சாரம் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராமலிங்கம் மகதான? ஒங்கப்பன்ட்டச் சொல்லு. எங்க கிளி வீடு வந்து சேர்ற வரைக்கும் அவனுக்கு நூலு கிடையாது."

நான் கூண்டோடு திரும்பி வந்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன். தறியில் பூட்டியிருந்த பாவு நூல் இன்னும் இரண்டு முழத்தில் முடிகிறது. அதற்கு மேல் நூல் இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வந்து என் தலையிலிருந்த பூவைச் சரிசெய்துவிட்டு, "நீ திருடலேல்ல, அப்புறம் ஏன் அழுகுற?" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். முருகா என்று அது எங்கள் வீட்டில் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. அது அவர்கள் கிளிதான் என்று நிரூபிக்க ஒரே வழி அந்தப் பழைய வார்த்தை. பாடுபட்டு மறக்கடித்தவள் நான். விளக்கு வைத்ததும் மொத்தக் குடும்பமும் கூண்டு முன்னால் உட்கார்ந்தோம். அப்பா வெளியே போய், கையில் கார்டோடு உள்ளே வந்தார். "பா, ஊட்டா மாடு." அப்பா செருமிக் காட்டினார். "பா, ஊட்டா மாடு." நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்: "நூலு இல்லன்னு சொல்லேன், ஒனக்குப் புண்ணியமாப் போகும்." கிளி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

6

மறுநாள் காலை அப்பா கூண்டைத் தூக்கிக்கொண்டார். பின்வாசலுக்குப் போகவில்லை. நேராகக் கடை வாசல். தறிக்காரர்கள் கார்டோடு நிற்கிற நேரம். நானும் பின்னாலேயே போனேன். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல் நின்றதை அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள்.

"மொதலாளி, இது ஒங்க கிளி. எம் மகளத் திருடின்னு சொல்லிட்டீக. நாலு பேரு முன்னாடி வச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கிளியைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்கள். அது கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாயையே திறக்கவில்லை. முதலாளி சிரித்தார். "கிளின்னா எல்லாம் பச்சதான் ராமலிங்கம். மூக்குன்னா எல்லாம் செவப்புதான். எங்க கிளி பேசும், இது என்ன பேசுது?" அவருக்குப் பின்னால் கதவிடுக்கில் வடிவம்மாளின் சேலை தெரிந்தது. 

அப்பா மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். "சரி, கிளிப் பேச்சு கெடக்கட்டும். இது சர்க்காரு குடுத்த கார்டு, இதுக்கும் கிளிக்கும் சம்மந்தமில்ல. நூலு குடுங்க மொதலாளி."

தலைக்கு மேலே இரண்டு செருமல்.

"நூலு இல்ல. நாளைக்கு வா."

முதலாளி வாயைத் திறந்திருந்தார், ஆனால் சத்தம் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. கூட்டத்தில் நின்ற தொட்டய்யன் என்கிற பெரியவர் அண்ணாந்து பார்த்தார். அவர் யாரிடமும் அதிகம் பேசாத மனுஷன். மெதுவாகச் சொன்னார்:

"மொதலாளி, கிளி ஒங்க கிளிதான். கொரலும் ஒங்க கொரலுதான்."

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. கிளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்தவர் கார்டை நீட்டி வேண்டுமென்றே "நூலு, மொதலாளி" என்றார். "நூலு இல்ல. நாளைக்கு வா" என்றது. மூன்றாமவரும் கேட்டார், அவருக்கும் அதே பதில். முதலாளிக்குச் சொல்ல இருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். அதைக் கிளி எடுத்துக்கொண்டது. இனி அவர் சொன்னால் கிளிப்பிள்ளை சொல்வதைத் திருப்பிச் சொன்னதாகும். முகம் கருத்துப்போய், கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "பின்கட்டத் தொறந்து குடுத்து அனுப்பு" என்றார். அன்றைக்குக் கார்டோடு நின்ற அத்தனை பேரும் நூலோடு வீட்டுக்குப் போனார்கள். எங்கள் கட்டை நான்தான் தலையில் தூக்கி வந்தேன்.

என்னைத் திருடி என்று சொன்ன வாய் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. தப்பாச் சொல்லிட்டோம் புள்ள என்று ஒரு சொல்? கிடையாது. கதவிடுக்கிலிருந்து வந்த "சரி சரி, நம்ம கிளிதான் போலிருக்கு" என்பதோடு விஷயம் முடிந்துவிட்டதாம்.

7

சாயந்திரம் பின்வாசலுக்குப் போனேன். கூலி கேட்க வேண்டுமே. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இது அழாமலே பாடுபட்ட பிள்ளை. கிளியைக் கடையிலிருந்து எடுத்துக் கொல்லைப்புறம் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். கடைப்பக்கம் அதற்கு அதன் பிறகு இடமில்லை.

என்னைக் கண்டதும் கிளி சிறகை அடித்துக்கொண்டு, "பா, ஊட்டா மாடு" என்றது.

வடிவம்மாள் எட்டிப் பார்த்தாள். கோபப்படவில்லை. அழகாகச் சிரித்தாள். "ரெண்டு ரூவாயா? நாளைக்கு வா புள்ள" என்றாள்.

வெட்கமே இல்லாமல் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை சந்தி சிரித்த அதே நாளில். நான் மறுநாள் போனேன். நாளைக்கு. அதற்கு மறுநாளும் போனேன். நாளைக்கு. ஆடி வந்தது, திருச்சுழித் திருவிழாவும் வந்து போனது. கரி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போனதை நான் குடத்தோடு நின்று பார்த்தேன். இலவு காத்த கிளி என்று பழமொழி சொல்வார்கள். கிளியைக் காத்த நான்தான் இலவு காத்தவளாகிப் போனேன். கேட்டுப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் என்னை உள்ளே வரச் சொன்னதும், சாப்பிடச் சொன்னதும் கொல்லையில் தொங்கிய ஒரு பச்சைக் கிளி மட்டும்தான். கடைசியில் அப்பாவே, "விட்டுரு தாயி, அந்தக் காசு நமக்கு ஒட்டாது" என்றார். விட்டேன். வாயால்தான் விட்டேன்.

8

இப்போது சொல்லுங்கள், டோரின் "டுமாரோ, லவ்" என்று சிரித்தால் எனக்கு எப்படி இருக்கும்? வனஜா "லீவ் இட்" என்று தோளைக் குலுக்கினால்?

சனிக்கிழமை காலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். டோரின் திறந்தாள். "ஓ, ஐ வாஸ் கோயிங் டு, டுமாரோ..." என்று ஆரம்பித்தாள். நான் உள்ளங்கையை நீட்டி அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"டுடே."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. டோரின் கைப்பையைத் தேடிக்கொண்டு ஓடினாள். மூன்று பவுனை வாங்கி, தேங்க்யூவும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மரியாதை தெரியாதவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

வனஜா அந்தக் காசைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "அம்மா, வை ஆர் யூ லைக் திஸ்?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்குக் கிளிக் கதையைச் சொன்னேன், பாதி தமிழிலும் பாதி என் ஆங்கிலத்திலும். "மாடு" வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். துண்டு வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள். முழுவதும் கேட்டுவிட்டு மேசை மேல் கிடந்த மூன்று பவுனை என் பக்கம் தள்ளினாள். "நீயே வச்சுக்கோம்மா."

"எடு அதை" என்றேன். "அது உன் கூலி. என்னோடது அருப்புக்கோட்டைல இருக்கு."

முதலாளியும் வடிவம்மாளும் இப்போது இருக்கிறார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டு, பேரன் பேத்திகளும் இருப்பார்கள். நான் எழுதுகிற இது அவர்களில் யார் கண்ணிலாவது படலாம். அம்மா, ஐயா, உங்கள் வீட்டில் எனக்கு இரண்டு ரூபாய் நிற்கிறது. வட்டி வேண்டாம். அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பின்வாசலில் நிற்க மாட்டேன், முன்வாசலுக்கு வருவேன். கதவைத் திறந்ததும் என்னை "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்திருந்தது அந்தக் கிளிக்கு மட்டும்தான். அதற்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.